உடைந்த மெய்க்காப்பாளன், கூடவே ஒரு குழந்தை: ஆக்‌ஷன் த்ரில்லர் எழுத முழுமையான வழிகாட்டி

ஒன்லைன், அதாவது கதைச் சுருக்கம், சொல்ல ஒரு நிமிடம் போதும். வாழ்க்கையில் நொறுங்கிப்போன முன்னாள் வீரன் ஒருவன், வேண்டாவெறுப்பாக ஒரு பணக்கார வீட்டுக் குழந்தைக்குக் காவலாகச் சேர்கிறான். குழந்தை அவனை மெல்ல மனிதனாக்குகிறது. அப்புறம் குழந்தையைக் கடத்துகிறார்கள். அவன் கிளம்புகிறான். கேட்கிற தயாரிப்பாளருக்கு உடனே புரியும், ஹீரோவுக்கும் பிடிக்கும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. எழுதுகிறவரின் மனசு முழுக்க செகண்ட் ஹாஃபில் கிடக்கும். முதல் பாதியை நாலு காமெடி, ஒரு பாட்டு, ஒரு பிறந்தநாள் கேக் வைத்து ஒப்பேற்றிவிடுவார். அதன் பிறகு ஹீரோ எத்தனை பேரை அடித்தாலும் பார்க்கிறவருக்கு ஒட்டாது.

என் கட்சி இதுதான்: இந்த வகைக் கதைக்கு வேண்டிய அத்தனையையும் காவல் வேலையிலிருந்தே எடுக்கலாம். பாசம், காயம், கடத்தல், பேரம், கிளைமாக்ஸ் எல்லாமே ஒருவர் இன்னொருவரைப் பாதுகாக்கிற அன்றாட வேலைக்குள் இருக்கின்றன. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்துபாருங்கள். சினிமா, வெப் சீரிஸ், நாவல் எதற்கும் பொருந்தும். ஒன்பதாவது படி மட்டும் படப்பிடிப்புக்கு உரியது.

படி 1: ஊரையும் குற்றத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

ஹீரோவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எந்த ஊரில், யார், எந்த முறையில் குழந்தைகளைக் கடத்துகிறார்கள் என்பது தெரியாமல் ஒரு சீனும் எழுத முடியாது.

இந்த வகைக்கு அடையாளமாகிவிட்ட ‘மேன் ஆன் ஃபயர்’ 1980-ல் நாவலாக வந்தபோது கதை நடந்த இடம் இத்தாலி. காரணம் இருந்தது. எழுபதுகளில் அங்கே பணத்துக்காக ஆள் கடத்துவது ஒரு தொழிலாகவே நடந்தது. 1973 ஜூலையில் அமெரிக்க எண்ணெய்க் கோடீஸ்வரர் கெட்டியின் 16 வயதுப் பேரனை ரோம் நகரில் தூக்கினார்கள். தாத்தா பணம் தர மறுத்தார். கடத்தியவர்கள் பையனின் காதை அறுத்து ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினார்கள். தபால் ஊழியர் வேலைநிறுத்தத்தால் அந்தப் பொட்டலம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. டிசம்பரில் பையன் விடுதலையானான். வரிக் கழிவு கிடைக்கும் அளவுக்கு மட்டும் தாத்தா பணம் கொடுத்தார், மீதியைத் தன் மகனுக்கு 4 சதவீத வட்டிக்குக் கடனாகத் தந்தார் என்று அந்தக் காலச் செய்திகள் சொல்கின்றன. எந்த வில்லனுக்கும் இப்படி ஒரு வசனம் எழுத நமக்குத் துணிச்சல் வராது.

1991-ல் இத்தாலி ஒரு சட்டம் போட்டது. யாராவது கடத்தப்பட்டால், பணயத்தொகை போய்ச் சேராமலிருக்க அந்தக் குடும்பத்தின் சொத்துகளை உடனே முடக்கலாம். அந்தத் தொழில் படுத்துவிட்டது. அதனால் 2004-ல் டோனி ஸ்காட் அதே கதையைப் படமாக்கியபோது இத்தாலி பொருந்தவில்லை. கதை மெக்சிகோ சிட்டிக்குப் போனது. அங்கே தொண்ணூறுகளின் கடைசியில் ஆள்கடத்தல் உச்சத்தில் இருந்தது. பிணைக்கைதிகளின் காதை அறுத்துக் குடும்பங்களுக்கு அனுப்பிய அரிஸ்மெண்டி என்ற கும்பல் தலைவன் 1998-ல் பிடிபட்டான். அவன் ஒரு காலத்தில் போலீஸ்காரன். ஊர் மாறியதும் வில்லன்கள் மாறினார்கள். சீருடைக்காரர்களே கடத்தலில் பங்காளிகள் என்ற திருப்பம் கதையோடு இயல்பாக ஒட்டிக்கொண்டது.

உங்கள் கதை கோயம்புத்தூரில் நடந்தால் மெக்சிகோ கும்பலை இறக்குமதி செய்யாதீர்கள். நம்மூர்ச் செய்திகளில் இந்த மாதிரி வழக்கில் அடிக்கடி கண்ணில் படுகிறவர் வீட்டை நன்றாகத் தெரிந்த ஆள்: வேலையை விட்டு நின்ற டிரைவர், கடனில் மூழ்கிய உறவுக்காரர். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பணத்துக்காகக் கடத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 140(2) பிரிவில் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. 1993-ல் பழைய தண்டனைச் சட்டத்தில் 364ஏ என்று சேர்க்கப்பட்ட பிரிவின் இன்றைய வடிவம் அது. கடத்தியவனைக் குழந்தைக்கு அடையாளம் தெரியும். திருப்பி அனுப்பினால் அவன் மாட்டுவான், மாட்டினால் தூக்குவரை போகலாம். தேர்ந்த கும்பலுக்குக் குழந்தை ஒரு சரக்கு. அதைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் பணம். தெரிந்த ஆளுக்கோ குழந்தை ஒரு சாட்சி. எது அதிகப் பயங்கரம் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 2: இப்படிப்பட்ட ஆளை யார் வேலைக்கு வைப்பார்கள்?

கை நடுங்குகிற குடிகாரனிடம் எந்த அப்பாவாவது மகளை ஒப்படைப்பாரா? தயாரிப்பாளரிடம் கதை சொல்லும் நரேஷனில் முதல் ஆளாக யாராவது கேட்கப்போகிற கேள்வி இது. பதில் இல்லாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும்.

2004 படத்தின் பதில் பிரமாதமானது. அந்தக் குடும்பத்துக்கு ஆள்கடத்தல் இன்சூரன்ஸ் வேண்டும், அதற்கு ஒரு மெய்க்காப்பாளர் இருந்தாக வேண்டும். பேருக்கு ஒருத்தன், சம்பளம் குறைவாக. அவன் நொறுங்கியவன் என்பதே அவனுக்கு வேலை கிடைத்த காரணம். இப்படி ஓர் இன்சூரன்ஸ் நிஜமாகவே உண்டு. 1932-ல் அமெரிக்க விமானி லிண்ட்பெர்கின் கைக்குழந்தை கடத்திக் கொல்லப்பட்ட பிறகு லண்டனின் லாய்ட்ஸ் இன்சூரன்ஸ் சந்தையில் இந்த வகை பாலிசிகள் ஆரம்பமாயின. பாலிசி இருப்பது வெளியே கசியக் கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. தெரிந்தால் அதுவே கடத்தலுக்கு அழைப்பாகிவிடும். ஆக, வீட்டுக்குள் ஒரு ரகசியம் முதல் நாளே உட்கார்ந்துவிட்டது. அது யாருக்குத் தெரியும் என்பதில் பாதிக் கதை ஓடும்.

நம் சூழலில் வேறு பதில்களும் உண்டு. வாசலில் கன்மேன் நின்றால் கௌரவம் என்று நினைக்கிற புதுப்பணக்காரர். பங்காளிச் சண்டையில் நீதிமன்றத்துக்குக் காட்ட ‘எங்களுக்கு மிரட்டல் இருக்கிறது’ என்று ஆள் வைக்கிறவர். எதை எடுத்தாலும், வேலை கொடுத்தவரின் நோக்கம் குழந்தையின் பாதுகாப்பாக இல்லாதிருப்பது நல்லது. அதை உண்மையாகவே பாதுகாப்பாக மாற்றுகிறவன் உங்கள் ஆள் மட்டும்தான்.

கூடவே நடைமுறையையும் பார்த்துவிடுங்கள். தனியார் காவல் நிறுவனங்களுக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசின் உரிமம் வேண்டும். ஆள் எடுக்கும்போது முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை தரலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. துப்பாக்கி லைசென்ஸ் தனி. சாதாரண ஆளுக்கு 9 எம்.எம். பிஸ்டல் கிடைக்காது, அது தடை செய்யப்பட்ட ரகம். .32 ரிவால்வரோ, பேங்க் வாசலில் பார்க்கிற 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கியோதான் கையில் இருக்கும். இரண்டு குண்டு போட்டதும் மடக்கித் திறந்து நிரப்ப வேண்டிய துப்பாக்கியோடு ஒருவன் ஒரு கும்பலை எதிர்கொள்வது, ஸ்டைலாக இரண்டு கையிலும் பிஸ்டல் பிடிப்பதைவிட எவ்வளவோ மேல். ஃபைட் மாஸ்டர் முதலில் முகம் சுளிப்பார். விடாதீர்கள்.

படி 3: காயத்தை வேலையில் காட்டுங்கள்

‘ட்ரபிள்டு’ ஹீரோ, அதாவது மனக்காயம்பட்ட ஹீரோ, என்றதும் நம்மவர்கள் பிளாஷ்பேக் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். எல்லையில் ஒரு குண்டுவெடிப்பு, மடியில் உயிர்விடும் நண்பன், மழை. அதையெல்லாம் எழுதி உங்கள் நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் வர வேண்டியது, அந்தக் காயம் இன்றைய காவல் வேலையை எப்படிக் கெடுக்கிறது, சில சமயம் எப்படி உதவுகிறது என்பது.

போர் அனுபவத்தின் பின்விளைவான மன உளைச்சல் 1980-ல்தான் அமெரிக்க மனநலக் கையேட்டில் தனி நோயாக இடம்பிடித்தது. அதன் குணங்களில் ஒன்று ஓயாத எச்சரிக்கை நிலை. எந்நேரமும் கதவைப் பார்ப்பது, முதுகுக்குப் பின்னால் யாரும் இருந்தால் தாங்காதது, சின்னச் சத்தத்துக்கும் துள்ளுவது. காவல்காரனுக்கு இது மூலதனம், ஒரே வீட்டில் இருக்கிற குழந்தைக்கு இது தொந்தரவு. பலூன் வெடித்ததும் ஹீரோ தரையில் படுக்கிற சீனை எல்லோரும் எழுதிவிட்டார்கள், அது வேண்டாம். ஹோட்டலில் சுவரை ஒட்டிய நாற்காலி கிடைக்காவிட்டால் அவன் சாப்பிடாமல் நிற்கிறான் என்று வையுங்கள். மூன்றாவது தடவை போகும்போது குழந்தை முன்னாடியே ஓடிப்போய் அந்த நாற்காலியைப் பிடித்து வைக்கிறது. ஒரு வார்த்தை பேசாமல் நட்பு தொடங்கிவிட்டது.

குடியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் சினிமா இதில் ரொம்பவே அலட்சியம். நம் ஹீரோ குழந்தையின் ஒரு சொல்லுக்காக பாட்டிலை உடைப்பான், மறுநாள் காலை ஜாகிங் போவான். நெடுநாள் குடித்த உடம்பில் நடப்பது வேறு. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஆள் இடம் தெரியாமல் குழம்புவார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதாவது, குழந்தைக்காக அவன் குடியை நிறுத்திய முதல் மூன்று நாள்தான் அவன் மிக மோசமான காவல்காரன். கடத்தலை அந்த மூன்று நாளுக்குள் வையுங்கள். அவன் செய்த ஒரே நல்ல காரியமே அவனைத் தோற்கடிக்கிறது. இதற்கு இணையான சோகத்தை எந்த பிளாஷ்பேக்கும் தராது.

இன்னொரு பிடி: மனநிலை சரியில்லாதவர் என்று தெரிந்தால் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸை மறுக்கலாம், ரத்தும் செய்யலாம். டாக்டரிடம் போனால் சீட்டு எழுதுவார், சீட்டு எழுதினால் துப்பாக்கி போய்விடும், துப்பாக்கி போனால் வேலை போய்விடும். அவன் ஏன் உதவி கேட்கவில்லை என்பதற்கு ஒரு தத்துவமும் பேச வேண்டாம்.

படி 4: காவல் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள்

மெய்க்காப்பாளரின் வேலையில் சண்டை கடைசிப் பகுதி. பெரும்பகுதி முன்கூட்டியே போய்ப் பார்ப்பது: வாசல் எத்தனை, வண்டி எங்கே நிற்கும், பக்கத்து ஆஸ்பத்திரி எது, யார் யார் தினமும் அந்த நேரத்தில் அங்கே இருப்பார்கள். வண்டியில் அவர் இடம் டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்; குழந்தை அவருக்கு நேர் பின்னால். இறங்கியதும் ஒரு எட்டில் பின்கதவு கையில் கிடைக்க வேண்டும் என்பதற்காக. டிரைவரும் காவலரும் ஒரே ஆளாக இருந்தால் இரண்டு வேலையும் பாதி. உங்கள் கதையில் சிக்கனக்கார முதலாளி அப்படித்தான் வைப்பார்.

ஆபத்தான இடங்கள் ஆளில்லாத காட்டுப் பாதைகள் என்று நினைக்க வேண்டாம். வீட்டு கேட்டும் ஸ்கூல் கேட்டும்தான். எந்தப் பாதையில் போனாலும் கிளம்பும் இடமும் சேரும் இடமும் மாறாது. அங்கே வண்டி நின்றே ஆக வேண்டும். 1978 மார்ச் 16 அன்று இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவை ரோமில் அவர் வீட்டுக்கு அருகிலேயே மறித்தார்கள். வழக்கமான காலைப் பயணம், குண்டு துளைக்காத கார் இல்லை. கூட வந்த ஐந்து காவலர்களும் அந்தச் சில நிமிடத் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் திறமைசாலிகளா இல்லையா என்பதற்குள் போகவே நேரமில்லாமல் முடிந்துவிட்டது.

நேர்மாறான சம்பவம் 1974 மார்ச் 20, லண்டன். பிரிட்டிஷ் இளவரசி ஆன் (Anne) என்பவரைப் பணயமாகப் பிடிக்க ஒருவன் தனியாகக் காரை மறித்தான். மெய்க்காப்பாளர் ஜேம்ஸ் பீட்டன் ஒரு தடவை சுட்டார், குறி தவறியது, துப்பாக்கி ஜாம் ஆகிவிட்டது. அதன் பிறகு அவரிடம் மிஞ்சியது அவர் உடம்பு மட்டும். நடுவில் புகுந்தார், மொத்தம் மூன்று குண்டு வாங்கினார், உயிர் பிழைத்தார், ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்றார். தாக்கியவன் தலையில் குத்தியது தெருவில் போன ஒரு முன்னாள் பாக்ஸர். மாஸ் சீன் எழுதுகிற ஒவ்வொருவரும் இதைப் படித்துவிட்டு எழுத உட்கார வேண்டும். ஒரு குண்டும் பலிக்காத ஆள் அன்று ஜெயித்தார்.

படி 5: குழந்தைக்கு ஒரு சொந்த வேலை கொடுங்கள்

வயதை முதலில் முடிவு செய்யுங்கள். ஐந்து வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், ஆனால் அதனிடமிருந்து நம்பகமான தகவல் வாங்க முடியாது. பதின்மூன்று வயதுக்கு மொபைல் இருக்கும், ரகசியங்கள் இருக்கும், காவல்காரன் மீது கோபம் இருக்கும். எட்டிலிருந்து பத்து வரை எனக்குப் பிடித்த வயது. கவனிக்கத் தெரியும், மறைக்க முழுசாகத் தெரியாது.

பெரிய மனுஷத்தனமாகப் பேசுகிற குழந்தை வேண்டவே வேண்டாம். ‘உங்களுக்குள்ள ஒரு வலி இருக்கு அங்கிள்’ என்று ஒன்பது வயதுக் குழந்தை சொன்னால் தியேட்டரில் பாதிப் பேர் மொபைலை எடுப்பார்கள். குழந்தைக்குத் தேவை ஒரு சொந்த ஆசை, அது காவல் வேலைக்கு நேர் எதிராக இருந்தால் இன்னும் நல்லது. 2004 படத்தில் சிறுமி நீச்சல் போட்டியில் தோற்பதற்குக் காரணம், ஸ்டார்ட்டிங் துப்பாக்கிச் சத்தத்துக்கு அவள் மிரள்வது. வாழ்க்கை முழுக்கத் துப்பாக்கிச் சத்தத்தில் கெட்டுப்போனவன் அவளுக்கு அந்தச் சத்தத்தைப் பழக்குகிறான். ஒரே பொருள் இரண்டு பேரின் காயத்தையும் தொடுகிறது.

இதைக் காப்பியடிக்க முடியாது. நம் கதைக்கு நம்முடையது வேண்டும். உதாரணத்துக்கு ஒன்றை வைத்துக்கொள்வோம். கோவை ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு மில் முதலாளி வீடு. காவல்காரர் சூசை, தூத்துக்குடிப் பக்கம், முன்னாள் சி.ஆர்.பி.எஃப். குழந்தை யாழினி, ஒன்பது வயது. அவளுக்கு வேண்டியது சைக்கிளில் தனியாக ஸ்கூலுக்குப் போவது. சூசைக்கு அதைவிடக் கெட்ட கனவு கிடையாது. ஆனால் கற்றுக்கொடுக்க வீட்டில் வேறு ஆள் இல்லை. அவள் ஓட்டப் பழகப் பழக அவர் வேலை கடினமாகிறது. இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேருக்கும் வேண்டியது வேறு. முதல் பாதிக்கு வில்லனே தேவையில்லை.

படி 6: கேள்வியை இப்போதே புதைத்து வையுங்கள்

கடத்தல் பேரத்தில் பணம் பேசுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று. போட்டோ பழசாக இருக்கலாம், குரல் பதிவு செய்ததாக இருக்கலாம். அதனால் கடத்தப்பட்டவருக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்பது நிஜமான நடைமுறை.

இங்கேதான் மொத்தக் கதையின் பூட்டும் சாவியும் இருக்கிறது. அப்பாவுக்குப் பதில் தெரிந்த கேள்வியை வீட்டை அறிந்த எவனும் ஊகித்துவிடலாம். மகளைப் பற்றி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாத ஒன்று காவல்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. கடத்தியவனோடு பேரம் பேசுகிற நெகோஷியேட்டர் கேட்கும்போது பெற்றவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள், மூலையில் நிற்கிற ஆள் வாயைத் திறக்கிறான். இன்டர்வெல்லுக்குப் பிறகு இதைவிடப் பெரிய சீன் தேவைப்படாது.

ஆகவே முதல் பாதியில் சாதாரணமான ஏதோ ஒன்றைப் போட்டு வையுங்கள். நம் உதாரணத்தில் ஸ்கூல் கேட்டில் ஒரு தெருநாய். மனுக் கொடுக்க வருகிறவர்களை எதிர்பார்த்து உட்கார்ந்த மாதிரியே இருப்பதால் யாழினி அதற்குக் கலெக்டர் என்று பேர் வைத்திருக்கிறாள். சூசை அதைக் கண்டுகொள்வதில்லை என்று சொல்லிக்கொண்டே தினமும் பன் வாங்கிப் போடுகிறார்.

“அங்கிள், கலெக்டருக்கு ஒரு காது மட்டும் ஏன் மடிஞ்சிருக்கு?”

“வண்டியில ஏறு பாப்பா. மணி ஆச்சு.”

அவ்வளவுதான். யாரும் கவனிக்கக் கூடாது. பின்னால் அவர் கேட்கிறார்: கலெக்டருக்கு எந்தக் காது மடிந்திருக்கும்? கடத்தியவன் ஊரிலுள்ள ஆட்சியர் அலுவலகம் முழுக்க விசாரித்தாலும் பதில் கிடைக்காது. இன்னும் ஒரு படி மேலே போகலாம். தெரியாத ஆள் கூட்டிப்போக வந்தால் சொல்ல வேண்டிய ரகசியச் சொல்லைப் பல குடும்பங்கள் குழந்தைக்குப் பழக்குகின்றன. சூசையும் ஒரு விளையாட்டு பழக்கியிருக்கட்டும்: தெரிந்த ஆள் தொந்தரவு செய்தால் எந்தக் கேள்விக்கும் தப்பான பதில் சொல். அவள் தப்பான காதைச் சொல்கிறாள். வீடே அவள் இறந்துவிட்டாள் என்று அழுகிறது. கடத்தியவன் இந்த வீட்டுக்குள் புழங்குகிறவன் என்று அவருக்கு மட்டும் புரிகிறது.

படி 7: கடத்தல் சீன்

குறைவாக எழுதுங்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அந்த இடத்தை இதற்கு முன் இரண்டு மூன்று சீனில் காட்டியிருந்தால், எது எங்கே என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

அவன் ஏன் தோற்றான் என்பதற்குத் தொழில் சார்ந்த காரணம் இருக்கட்டும். காவல் பயிற்சி சொல்வது: மறை, இழுத்துக்கொண்டு வெளியேறு, எதிரியைத் துரத்தாதே. பழைய போர்வீரன் அவனுக்குள்ளே சொல்வது: திருப்பிச் சுடு. ஒரு நொடி அவன் வீரனாகிறான், அந்த நொடியில் குழந்தையை விட்டு மூன்று அடி விலகுகிறான். அது போதும். கார்க் கதவு குண்டைத் தடுக்காது, எஞ்சின் இருக்கும் பக்கம்தான் ஓரளவு மறைப்பு என்ற மாதிரி விவரங்களில் தவறு செய்யாதீர்கள். இப்போதெல்லாம் பார்க்கிறவர்களுக்கு வீடியோ கேம் புண்ணியத்தில் எல்லாம் தெரியும்.

படி 8: பேரமும் படிக்கட்டும்

பேரத்தில் நெகோஷியேட்டர்கள் பின்பற்றும் ஒரு முறை எழுத்தாளருக்கு வரப்பிரசாதம். தொகையைக் கூட்டும்போது ஒவ்வொரு தடவையும் கூட்டும் அளவைக் குறைத்துக்கொண்டே போவது. பத்து லட்சம், அப்புறம் பதினாறு, அப்புறம் பத்தொன்பது, அப்புறம் இருபதரை. கிணறு வற்றுகிறது என்று எதிராளிக்குத் தோன்ற வேண்டும். உடனே கேட்டதைக் கொடுத்தால் இன்னும் இருக்கிறது என்று இரண்டாவது தடவை கேட்பான். மகள் இருட்டறையில் இருக்க, வாசலில் மூன்று கார் நிற்க, அப்பா ஐம்பதாயிரத்துக்குப் பேரம் பேசுவதைப் பார்க்கிற அம்மாவின் முகத்தை எழுதுங்கள். அவர் கஞ்சனா, மகளைக் காப்பாற்றுகிறாரா? இரண்டும் சந்தேகமாக இருக்கும் வரை சீன் உயிரோடிருக்கும்.

பணமே துப்பாகலாம். லிண்ட்பெர்க் வழக்கில் 50,000 டாலரை நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். பெரும்பகுதி தங்கச் சான்று நோட்டுகள், அதாவது தங்கமாக மாற்றிக்கொள்ளத்தக்க நோட்டுகள். 1933-ல் அரசு அவற்றைத் திரும்பப் பெற்றதால் கையில் வைத்திருப்பவன் தனித்துத் தெரிந்தான். 1934-ல் ஒரு பெட்ரோல் பங்கில் கொடுத்த நோட்டிலிருந்து குற்றவாளியைப் பிடித்தார்கள். நோட்டு செல்லாமல் போவது நமக்கும் புதிதல்ல. 2016 நவம்பர் 8-ஐ ஒட்டி நடக்கிற கடத்தல் கதை ஒன்றை யாராவது எழுதினால் முதல் டிக்கெட் எனக்கு.

இதன் பிறகுதான் அவன் கிளம்புகிறான். கீழே இருந்து மேலே ஒரு படிக்கட்டு போடுங்கள், நாலைந்து ஆள் போதும். ஒவ்வொருவனும் அடுத்தவனைக் காட்ட வேண்டும், கூடவே நாம் நம்பியிருந்த ஏதோ ஒன்றைப் பொய்யாக்க வேண்டும். பெயரை மட்டும் கக்குகிற அடியாள் சீன் வீண். சித்திரவதையைத் தாராளமாக எழுதுகிறார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது. ஆளைக் கட்டிவைத்து விரலை நசுக்கினால் எவனும் பேசுவான், அதற்கு ஹீரோவுக்கு அறிவே தேவையில்லை. காவல்காரன் மூன்று மாதம் கேட்டில் நின்று யார் எப்போது வருவார் போவார் என்று பார்த்தவன். அந்த ஞாபகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கட்டும்.

படி 9: குழந்தை நட்சத்திரமும் சென்சாரும்

எழுதும்போதே இதை யோசிக்காவிட்டால் படப்பிடிப்பில் அழ வேண்டிவரும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகள்படி, குழந்தையை நடிக்கவைக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கி வைப்பாகப் போக வேண்டும். இரவில் மழையில் ஓடும் பத்து நிமிட கிளைமாக்ஸைக் குழந்தையோடு எழுதுவதற்கு முன் இந்த மணிக்கணக்கைப் பாருங்கள்.

சென்சார் வழிகாட்டு நெறிகளில், வன்முறைக்குப் பலியாகவோ சாட்சியாகவோ குழந்தைகளைத் தேவையின்றிக் காட்டக் கூடாது என்று நேரடியாகவே இருக்கிறது. 2023 திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ‘ஏ’ வாங்கினால் குடும்பக் கூட்டம் போகும், டிவி உரிமையும் சிக்கலாகும். குழந்தையை அடைத்து வைத்த அறைக்குள் கேமரா போகவே வேண்டாம் என்பது என் யோசனை. நமக்கும் சூசைக்கும் தெரிவது ஒன்றாகவே இருக்கட்டும்: போனில் வரும் குரல், அதன் பின்னால் கேட்கிற ஏதோ ஒரு சத்தம். சான்றிதழும் சுலபம், பயமும் கூடும்.

படி 10: முடிவு

மூன்று வழிகள் உண்டு. குழந்தை திரும்புகிறது, அவன் சாகிறான். இருவரும் பிழைக்கிறார்கள். குழந்தை திரும்பவில்லை, பழி மட்டும் மிஞ்சுகிறது. மூன்றாவதற்கு நம்மூரில் தயாரிப்பாளர் கிடைப்பது கஷ்டம். முதலாவது சுலபமாகக் கண்ணீர் வரவழைக்கும், அதனாலேயே எனக்குச் சந்தேகம். செத்துப்போனால் அவன் குடியையும் தூக்கமின்மையையும் மறுபடி எதிர்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவதுதான் எழுதக் கடினம், முயற்சி செய்ய வேண்டியது. குழந்தை திரும்பிய மறுநாள் அப்பா என்ன செய்வார்? நூறு கேள்வி கேட்ட போலீஸ், செய்தி ஓட்டிய டிவி, ரத்தான துப்பாக்கி லைசென்ஸ். அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, ஏஜென்சியிலிருந்து இரண்டு புது பவுன்சர்களை வைப்பார். சம்பளப் பாக்கியைக் கவரில் போட்டு மேனேஜர் கொடுப்பார். யாழினி மாடியில் தூங்கிக்கொண்டிருப்பாள், எழுப்ப வேண்டாம் என்பார்கள். கிளம்புகிற சூசை புது ஆள்களிடம் என்ன சொல்லிவிட்டுப் போவார் என்பதை எழுதுங்கள். என் வரைவில் அவர், வண்டி கேட்டில் நிற்கும்போது குழந்தையை எந்தப் பக்கம் உட்காரவைக்க வேண்டும், ஸ்கூல் வாசலில் பன் எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று இரண்டு மட்டும் சொல்கிறார்.